கையடக்க மின்னணு டைரி: இன்று வாங்கினால் எதை வாங்குவது?

கேள்வி: 3 ஜூன் 2023

நான் பிசியோதெரபிஸ்ட். திருச்சியில் வீடுவீடாகப் போய்ச் சிகிச்சை தருகிறேன். ஒரு நாளைக்கு ஆறு வீடு, சில நாள் எட்டு. அடுத்த வீட்டு முகவரி பார்க்கத்தான் கைபேசியை எடுக்கிறேன். எடுத்ததும் நான்கு வாட்ஸ்அப் செய்தி, இரண்டு தவறிய அழைப்பு. எதற்கு எடுத்தேன் என்பதே மறந்துபோகிறது. முகவரி, நேரம், போன முறை என்ன செய்தேன் என்று ஒரு வரி. இவ்வளவுதான் எனக்கு வேண்டும். போன் அல்லாத பழைய மின்னணு டைரி ஏதாவது இன்றும் வாங்கலாமா? பாம், சையான், கேசியோ என்று பெயர்கள் கேள்விப்பட்டேன். 3,000 ரூபாய்க்குள். பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள் சார்.

பதில்: 3 ஜூன் 2023, இரவு 10.15

பாம். திரையில் குச்சியால் எழுதுகிற கருவி அது; சின்ன பென்சில் செல் போடுகிற பழைய பாம் எதுவானாலும் சரி. கேசியோ வகை டிஜிட்டல் டைரி வேண்டாம், அது பெயர் எழுதத் தெரிந்த கால்குலேட்டர். மூடியைத் திறந்தால் விசைப்பலகை இருக்கிற சையான் அருமையான சாதனம், ஆனால் உங்களுக்கு இல்லை. காரணம் காலையில் எழுதுகிறேன், கண் சொருகுகிறது.

4 ஜூன் 2023, காலை 6.30

நான் 1991 முதல் 2014 வரை மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. மதுரையில் குடியிருப்பு; திண்டுக்கல், தேனி, காரைக்குடி என்று சுற்று. ஏறக்குறைய 180 டாக்டர்கள். டாக்டரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எல்லாரிடமும் இருக்கும், அது பெரிய விஷயமில்லை. ஒருவர் செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு மேல்தான் எங்களைப் பார்ப்பார். இன்னொருவர் காலை ஓ.பி. தொடங்குமுன் ஐந்து நிமிடம். மூன்றாமவர் இரவு ஒன்பதரைக்குக் கடைசி நோயாளி போன பிறகு, அதுவும் கம்பவுண்டர் தலையசைத்தால். போன முறை என்ன சாம்பிள் கொடுத்தேன், எந்த மருந்துக்கு முகம் சுளித்தார் என்பதெல்லாம் அறைக்குள் நுழையுமுன் கண்ணில் பட்டாக வேண்டும். ஆக, உங்கள் தேவையும் என் தேவையும் ஏறக்குறைய ஒன்று.

1995-இல் சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசி 1,900 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் டைரி வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. 64 கிலோபைட் நினைவகம். சிரிக்காதீர்கள். பெயர், நேரம், ஒரு குறிப்பு என ஆளுக்கு 60 எழுத்து வைத்தாலும் ஆயிரம் பேர் அதில் அடங்குவார்கள். விசைகள் தட்டச்சு வரிசையில் இல்லை, ஏ, பி, சி, டி என்று அகர வரிசையில் இருந்தன. தட்டச்சு படித்திருந்த என் விரல்கள் அதில் குருடாயின. இரண்டு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து 180 டாக்டர்களையும் ஏற்றினேன்.

மூன்று வருடம் தங்கமாக உழைத்தது. 1998-இல் திரை மங்கத் தொடங்கியது. வாட்ச் கடைக்காரர் பின்மூடியைக் கழற்றினார். சட்டைப் பொத்தான் போல மூன்று செல். மூன்றையும் ஊசியால் நெம்பி எடுத்துக் கண்ணாடி மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, "மூணையும் புதுசாப் போட்டுடலாம் சார்" என்றார். போட்டார். திரை பளிச்சென்று வந்தது. ஜனவரி 1, மணி 12.00. உள்ளே ஒரு பெயர் இல்லை.

அன்றிலிருந்து டிஜிட்டல் டைரி என்றாலே எனக்கு ஆகாது.

4 ஜூன் 2023, பிற்பகல் 1.50

மேலே எழுதியதில் ஒரு நியாயம் விட்டுப்போயிற்று. மூன்று செல்லில் இரண்டு கருவியை ஓட்டுவதற்கு, ஒன்று நினைவகத்தைக் காப்பதற்கு. ஓட்டும் செல்களை மாற்றும்போது காவல் செல்லைத் தொடக்கூடாது, காவல் செல்லை மாற்றும்போது மற்றவை உள்ளே இருக்க வேண்டும். கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நான் கையேட்டைப் படித்தது எல்லாம் போன பிறகு. கடைக்காரர் மேல் பழி போட்டுப் பல வருடம் நிம்மதியாக இருந்தேன். இன்று எழுதிப் பார்க்கும்போதுதான் குற்றவாளி யாரென்று தெரிகிறது.

7 ஜூன் 2023

"சையானைத் தொடாதவன் மின்னணு டைரியைப் பற்றிப் பேசாதே" என்று ஒருவர் கொதித்திருக்கிறார். ஐயா, தொட்டிருக்கிறேன். என் மைத்துனரிடம் 5எம்எக்ஸ் இருந்தது. லண்டன் கம்பெனிக்காரர்கள், 1984-இலேயே ஆர்கனைசர் என்ற பெயரில் கருவி விற்றவர்கள். 1991-இல் சீரிஸ் 3, 1997-இல் சீரிஸ் 5, 1999-இல் 5எம்எக்ஸ். மூடியைத் திறந்தால் விசைப்பலகை முன்னால் வழுக்கி வந்து நிற்கும். அந்த அளவு சின்னக் கருவியில் பத்து விரலாலும் ஓரளவு தட்டச்சு செய்ய முடிந்த வேறொன்றை நான் கண்டதில்லை. இரண்டு பென்சில் செல், கூடவே ஒரு காவல் செல். அட்டவணை, குறிப்பேடு, கணக்குத்தாள் எல்லாம் உண்டு. ஓபிஎல் என்ற மொழியில் நாமே நிரல் எழுதிக்கொள்ளலாம். அதன் இயங்குதளம்தான் பின்னாளில் சிம்பியனாகி நோக்கியா போன்களில் குடியேறியது. கையடக்கக் கருவித் தொழிலை 2001-இல் அவர்கள் கைவிட்டபோது மைத்துனர் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது.

ஆனால் அதற்கு ஒரு மேசை வேண்டும். மேசை இல்லாவிட்டால் மடியாவது வேண்டும். நான் எழுதியதெல்லாம் ஆஸ்பத்திரி நடைபாதையில், தோளில் பை, ஒரு கையில் சாம்பிள் உறை. நின்றுகொண்டு அதைத் திறந்தால் ஒரு கை பிடிக்கவே போய்விடும், மிச்சம் ஒரு விரல். பத்து விரலுக்குச் செய்த விசைப்பலகையை ஒரு விரலால் குத்துவதற்கு அவ்வளவு காசு எதற்கு?

பாமை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி பிறக்குமுன் அதே அளவில் ஒரு மரத்துண்டை அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தவர். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் மரத்துண்டை எடுத்து, குச்சியால் அதில் தட்டி, நாள் பார்ப்பதுபோல் பாவனை செய்வாராம். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. ஆனால் 1996-இல் முதல் பாமான பைலட் வெளிவந்தபோது அது சட்டைப்பைக்குள் போனது. மூன்று வருடம் முந்திய ஆப்பிள் நியூட்டன் போகவில்லை.

கேள்வி கேட்டவருக்கு ஒரு வேலை தருகிறேன். 12 சென்டிமீட்டர் நீளம், 8 சென்டிமீட்டர் அகலத்தில் தடித்த அட்டை ஒன்றை வெட்டுங்கள். பழைய பாமின் அளவு ஏறக்குறைய அதுதான். மூன்று நாள் கொண்டுபோங்கள். முகவரி பார்க்கத் தோன்றும்போதெல்லாம் போனுக்குப் பதில் அட்டையை எடுத்து, எதற்கு எடுத்தீர்கள் என்று அதிலேயே ஒரு சொல் எழுதுங்கள்.

8 ஜூன் 2023

பாமில் எழுதும் முறையைக் கேட்டிருக்கிறார்கள். கிராஃபிட்டி என்று பெயர். திரைக்குக் கீழே ஒரு பட்டை; இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் எண். ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் பேனா தூக்காமல் ஒரே இழுப்பில் எழுத வேண்டும். எல் எழுதினால் நம் 'ட' மாதிரி. ஏ என்றால் கூரை மட்டும், நடுக்கோடு கிடையாது. இடமிருந்து வலம் ஒரு கோடு இடைவெளி, வலமிருந்து இடம் ஒரு கோடு அழிப்பு. ஒரு வாரத்தில் கைவந்துவிடும்.

வந்தது போகாது, அதுதான் சிக்கல். 2003-இல் வங்கியில் பணம் எடுக்கும் சீட்டை என் பெயர் எழுதிக் கொடுத்தேன். கவுன்ட்டர் அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "இது என்ன சார், வீடு வீடா வரைஞ்சிருக்கீங்க?" என்றார். பெயரில் இருந்த நான்கு ஏ-யும் கூரையாக நின்றன.

(இந்த ஒரே இழுப்பு எழுத்துக்காகப் பாம் மேல் ஜெராக்ஸ் வழக்குப் போட்டு அது வருடக்கணக்கில் இழுத்தது. 2003 கருவிகளில் கிராஃபிட்டி 2 என்று வேறு முறை வந்தது. அதில் சில எழுத்துக்கு இரண்டு இழுப்பு. பழைய கைகள் திட்டித் தீர்த்தன. பழைய கருவி தேடுகிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.)

15 ஜூன் 2023, காலை

பரணிலிருந்து என் பாம் எம்100-ஐ இறக்கினேன். 2001-இல் உறவினர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. அங்கே அது வந்த 2000-இல் விலை 149 டாலர். 2 மெகாபைட் நினைவகம், சின்ன பென்சில் செல் இரண்டு. மூடியில் ஒரு சாளரம் உண்டு. மூடியபடியே பொத்தானை அழுத்தினால் மணி தெரியும். செல் போட்டேன், உயிர் வந்தது! திரையில் குறி காட்டிய இடங்களையெல்லாம் தொடச் சொன்னது, தொட்டேன். நான்கு பொத்தான்: நாட்குறிப்பு, முகவரி, செய்யவேண்டியவை, குறிப்பு. அணைந்திருக்கும்போது எதை அழுத்தினாலும் நேராக அந்தப் பக்கம் திறக்கும். எண்ணிப் பார்த்தேன், பையிலிருந்து எடுத்து இன்றைய அட்டவணை கண்ணில் பட மூன்று நொடி. என் கைபேசியில் பூட்டைத் திறந்து நாட்காட்டியைத் தேட பதினொன்று. வழியில் செய்தி வந்திருந்தால் பதினொரு நிமிடம்.

அதற்காகத்தான் முதல் நாளே பாம் என்றேன்.

நாட்குறிப்பில் என் எல்.ஐ.சி. பாலிசி முதிர்வுத் தேதியைப் போடப் பார்த்தேன். 2033. ஏற்கவில்லை. பாமின் காலம் 1904-இல் தொடங்கி 2031-இல் முடிகிறது. ஆண்டுக்கு ஏழு பிட்தான் ஒதுக்கினார்கள், அதில் 128 வருடம்தான் அடங்கும். அந்த நாளில் 2031 என்பது கதைப் புத்தக வருடம். இப்போது எட்டு வருடத்தில் வரப்போகிறது.

15 ஜூன் 2023, பிற்பகல் 3.20

செல் மாற்றும்போது ஒரு நிமிட அவகாசம் உண்டு, உள்ளே இருக்கும் மின்தேக்கி அதுவரை தாங்கும், பயப்பட வேண்டாம் என்று எழுதுவதற்காகச் செய்து பார்த்தேன். காலையில் நாற்பது பெயர் ஏற்றியிருந்தேன். செல்லைக் கழற்றிய நேரம் பார்த்து காஸ் சிலிண்டர்காரர் அழைப்புமணி அடித்தார். பில், சில்லறை, "ரெகுலேட்டரைப் பாருங்கள்". திரும்பி வந்து செல் போட்டேன். புதுசு மாதிரி மறுபடியும் குறிகளைத் தொடச் சொன்னது.

வாட்ச் கடைக்காரரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

15 ஜூன் 2023, இரவு

சிரித்தவர்கள் சிரித்து முடித்தாயிற்றா? இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் தலைமுறைக் கருவிகளில் நாம் எழுதியது ரேமில்தான் இருக்கும், மின்சாரம் அறுந்தால் போயிற்று. இருபது வருடப் பழைய மின்தேக்கி எவ்வளவு தாங்கும் என்று யாரும் வாக்குத் தர முடியாது.

செல் தீர்ந்தாலும் எழுதியது அழியாத பாம்களும் வந்தன: 2004-இல் டங்ஸ்டன் டி5, 2005-இல் டங்ஸ்டன் இ2, டிஎக்ஸ். ஆனால் அவற்றில் செல் உள்ளேயே அடைத்துவைத்த லித்தியம். இத்தனை வருடத்தில் அது கிழடாகியிருக்கும், கடையில் போட்டு மாற்றவும் முடியாது. செல் மாற்ற முடிந்ததில் நினைவு நிற்காது. நினைவு நிற்பதில் செல் மாற்ற முடியாது. 3,000 ரூபாய்க்குள் இந்த இரண்டில் ஒரு தலைவலியைத் தேர்ந்துகொள்ளலாம்.

வண்ணத்திரை பாக்கெட் பிசி வகை? அது வேண்டாம். 2000-இல் காம்பேக் ஐபேக் 206 மெகாஹெர்ட்ஸில் வந்து எங்களையெல்லாம் வாய் பிளக்க வைத்தது உண்மை. எங்கள் ஏரியா மேலாளரிடம் அந்த வகையில் ஒன்று இருந்தது. ஒவ்வோர் இரவும் சார்ஜ் போட வேண்டும். கொடைக்கானல் கூட்டத்துக்கு சார்ஜரை மறந்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் எங்கள் விற்பனை இலக்குகள் எல்லாம் அவர் கையிலேயே ஆவியாகிவிட்டன. எங்களுக்கு வருத்தமே இல்லை.

22 ஜூன் 2023

கணினியோடு இணைத்து நகல் எடுத்துக்கொண்டால் பயம் எதற்கு என்று கேட்கிறார்கள். சரியான கேள்வி. பாமின் பெருமையே அதுதான்: தொட்டில் என்ற தாங்கியில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் கருவியில் இருப்பது கணினிக்கும் கணினியில் இருப்பது கருவிக்கும் போகும். 1996-இல் அது மந்திரம். 2023-இல் என் எம்100-க்கு சீரியல் கம்பி. வீட்டு மடிக்கணினியில் அந்தத் துளையே இல்லை. யூஎஸ்பி மாற்றி ஒன்று வாங்கினேன். பிறகு பழைய மென்பொருள் இன்றைய விண்டோஸோடு மல்லுக்கட்டியது. 64 பிட் விண்டோஸில் யூஎஸ்பி பாம்களுக்கு வேறு ஓட்டுநர் மென்பொருள் தேட வேண்டும். கடைசியில் பேரன் லினக்ஸில் ஜே-பைலட் என்ற நிரலைப் போட்டுப் பெயர்களை இறக்கிக் கொடுத்தான். இரண்டு மாலைப்பொழுது போயிற்று. எனக்கு அது பொழுதுபோக்கு, ஓய்வு பெற்றவன். காலை ஏழு மணிக்கு முதல் வீட்டு வாசலில் நிற்க வேண்டியவருக்கு அது தண்டனை.

இணைப்பை மறந்துவிட்டுத்தான் தேர்வு செய்ய வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்படியானால் பாமின் பாதிப் பெருமை கழன்றுவிடுகிறது. முதல் நாள் இரவு 10.15-க்கு எழுதிய அந்த ஒற்றைச் சொல் பதிலைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். திரும்பப் பெறவில்லை, தளர்த்துகிறேன்.

1 ஜூலை 2023

தமிழ் வருமா என்று கேட்ட தம்பிக்கு: வராது. எல்லா மொழி எழுத்துக்கும் இடம் தருகிற யூனிகோட் முறை பாமின் இயங்குதளத்துக்குத் தெரியாது. பழைய டிஜிட்டல் டைரிகளுக்கும் நம் எழுத்து கிடையாது. பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் வைத்தோம், அங்கேதான் வேடிக்கை. தேவராஜ் டி-யிலா, டி-எச்-சிலா? கோமதி ஜி-யிலா, கே-யிலா? பாண்டியன் பி-பார்-பாம்பேயிலா, பி-பார்-பாட்னாவிலா? தமிழில் ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் அந்தந்த நாள் மனநிலையைப் பொறுத்து. ஒரே டாக்டரை இரண்டு இடத்தில் ஏற்றி, ஒரே மாதத்தில் இரண்டு முறை பார்த்ததாகக் கணக்குக் காட்டி, மேலாளரிடம் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

நம் மொழிகளை மனத்தில் வைத்து இங்கே ஒரு கருவி செய்தார்கள், பலருக்கு நினைவிருக்காது. பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர். லினக்ஸில் ஓடும். ஸ்மார்ட் கார்டு செருகலாம். ஒரே கருவியைக் கிராமத்தில் பலர் தங்கள் தங்கள் அட்டையோடு பயன்படுத்தலாம் என்பது கனவு. 2004-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிக்க, அமிடா என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஏறக்குறைய 10,000 ரூபாயில் தொடங்கியது விலை. கையை ஆட்டினால் பக்கம் புரளும். ஐபோனுக்கு மூன்று வருடம் முன்னால்! ஆனால் அதற்குள் கைபேசி மலிந்துவிட்டது. விவசாயி போன் வாங்கினார், சிம்ப்யூட்டர் வாங்கவில்லை. நானும்தான் வாங்கவில்லை, பெருமைப்பட்டதோடு சரி.

வழி தவறிவிட்டேன். கேள்வி கேட்டவரின் அட்டை என்னாயிற்று?

9 ஜூலை 2023

வந்துவிட்டது. அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். மூன்று நாளில் 47 முறை எடுத்திருக்கிறார். 31 முறை "முகவரி" அல்லது "மணி". 12 முறை "போன தடவை எத்தனை டிகிரி", அதாவது முழங்கால் எவ்வளவு மடங்கியது என்று பார்க்க. புதிதாக எழுத எடுத்தது நான்கே முறை. மற்றவற்றை இரவு வீட்டுக்குப் போய் உட்கார்ந்துதான் எழுதுகிறாராம்.

நான் 180 டாக்டர்களைத் தூக்கிக்கொண்டு வந்து என் கதையை அவர் தலையில் கட்டியிருக்கிறேன். ஒவ்வோர் அறையிலிருந்தும் வெளியே வந்ததும் நின்றபடி எழுதியவன் நான். அவர் பார்ப்பவர். 47-க்கு நான்கு! பாமின் எழுத்துப் பட்டை, ஒற்றை இழுப்பு, நான் வீடு வீடாக வரைந்த ஏ எதுவும் அவருக்குத் தேவையே இல்லை.

9 ஜூலை 2023, அரை மணி கழித்து

அட்டைப் படத்தை என் மனைவி பார்த்தாள். "எழுத்தை விடுங்க. அட்டை பூரா எண்ணெய்" என்றாள்.

உண்மைதான். நான்கு மூலையிலும் கட்டைவிரல் பதிந்த எண்ணெய்க் கறை, நடுவில் ஏதோ பசை உலர்ந்த மாதிரி. கேட்டேன். தைலம் தேய்க்கிறார். அல்ட்ராசவுண்ட் கருவிக்கு ஜெல் தடவுகிறார். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் வழியில், கையை நன்றாகத் துடைக்குமுன்பே முகவரி பார்க்கிறார். கைபேசித் திரை வழவழத்து ஒன்றைத் தொட்டால் இன்னொன்று திறக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். வாட்ஸ்அப்பில் விழுவதற்குப் பாதிக் காரணம் அதுவாகக்கூட இருக்கலாம்.

தொடுதிரையும் குச்சியும் அந்தக் கைக்கு ஆகாது. பொத்தான் வேண்டும். எண்ணெய்க் கையிலும் அழுத்தினால் அழுந்துகிற ரப்பர் பொத்தான்.

எது என்று சொல்லவும் வேண்டுமா? பெயர் எழுதத் தெரிந்த கால்குலேட்டர்.

10 ஜூலை 2023

இரவு தூக்கம் வரவில்லை, ஆகவே முழுதாகவே திரும்பப் பெறுகிறேன். உங்களுக்கு டிஜிட்டல் டைரிதான். 64 கிலோபைட் போதும், 32-ம் போதும். உங்களிடம் ஒரே நேரத்தில் ஐம்பது நோயாளிக்கு மேல் இருக்க மாட்டார்கள். வாங்கும்போது பார்க்க வேண்டியவை: விசைகள் தட்டச்சு வரிசையில் இருக்கட்டும், என்னைப்போல ஏ, பி, சி, டி-யில் மாட்டிக்கொள்ளாதீர்கள். எல்லா விசையையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். செல் இருக்கும் அறையைத் திறந்து பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பழைய செல் கசிந்திருக்கிறது. திரையைச் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரிந்து, சாய்த்தால் மறைந்தால் வெயிலில் கஷ்டம்.

ஒன்று யோசிக்க வேண்டும். நோயாளிகளின் விவரம் அது. தொலைந்தால்? பழைய பாம்களில் "தனிப்பட்டது" என்று குறித்தால் கண்ணுக்கு மறையும், அவ்வளவே. அது திரைச்சீலை, பூட்டு அல்ல. டிஜிட்டல் டைரியில் ரகசியப் பகுதிக்குக் கடவுச்சொல் வைப்பதும் ஏறக்குறைய அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயின் பெயரை எழுதாதீர்கள். "இடது மு. 70" என்றால் உங்களுக்குப் புரியும், ஆட்டோவில் கண்டெடுத்தவருக்குப் புரியாது.

12 ஜூலை 2023

"ஒரு பாக்கெட் நோட்டு வாங்கினால் இருபது ரூபாய், இத்தனை நாள் எதற்கு இந்தக் கூத்து?" என்று ஒருவர். நியாயமான கேள்வி, கொஞ்சம் உறைத்தது. என் மாமனார் நாற்பது வருடம் பாக்கெட் டைரியில்தான் வாழ்ந்தார். அதற்கு மின்சாரம் வேண்டாம், 2031 கிடையாது, செல் நெம்ப ஊசி வேண்டாம். ஆனால் எட்டு மாதத்து நோட்டில் ஓர் அம்மாளின் முழங்கால் எத்தனை டிகிரி மடங்கியது என்று மாடிப்படியில் நின்று தேடிப் பாருங்கள். தவிர, எண்ணெய்க் கை காகிதத்தை என்ன செய்யும் என்பதற்கு அந்த அட்டையே சாட்சி.

இன்னொருவர் சிம் போடாத பட்டன் போனைச் சொல்கிறார். மோசமில்லை. முகவரிக்கு இடம் குறைவு, குறிப்பு எழுத ஒரே விசையை மூன்று முறை குத்த வேண்டும். டைரி கிடைக்காவிட்டால் அதுதான் இரண்டாம் வழி. அதில் பாம்பும் இருக்கும். விளையாட மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வாங்குங்கள்.

30 ஜூலை 2023

வாங்கிவிட்டார். பழைய பொருள் விற்கும் கடையில் 650 ரூபாய். தட்டச்சு வரிசை விசை, அறையில் கறை இல்லை. 38 நோயாளிகளை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஏற்றிவிட்டாராம். எனக்கு இரண்டு ஆயிற்று. முதல் வாரம் கைபேசி பையின் அடியில் கிடந்தது, மாலையில் மட்டும் எடுத்தேன் என்று எழுதியிருக்கிறார்.

ஒரு புகார்: தேவகி அம்மாளைக் காணவில்லையாம். டி-யில் தேடியிருக்கிறார். டி-எச்-சில் தேடிப் பாருங்கள்.

2 ஆகஸ்ட் 2023

டி-எச்-சில் இருந்தாராம்.

14 செப்டம்பர் 2023

திரை மங்கலாகத் தெரிகிறது, செல் மாற்றக் கடைக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டிருக்கிறார்.

வேண்டாம்! வீட்டிலேயே மாற்றுங்கள். மூடியைக் கழற்றினால் எது ஓட்டும் செல், எது காவல் செல் என்று உள்ளேயே எழுதியிருக்கும். முதலில் 38 பேரையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஓட்டும் செல்களை மட்டும் மாற்றி, மூடிபோட்டு, உயிர் வருகிறதா, பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வந்த பிறகுதான் காவல் செல். மாற்றிய தேதியை ஒரு துண்டு பிளாஸ்திரியில் எழுதிப் பின்னால் ஒட்டுங்கள். அன்று காஸ் சிலிண்டர் புக் செய்திருந்தால் அது வந்து போகும்வரை பொறுங்கள்.